அலுமினியக் கலப்புலோகத் தூள்வழிச் சேர்ப்பு உற்பத்தி

அலுமினியக் கலப்புலோகத் தூள்வழிச் சேர்ப்பு உற்பத்தி என்பது, நுண்ணிய அலுமினியக் கலப்புலோகத் தூளை மெல்லிய படலங்களாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்திலும் வேண்டிய இடத்தை மட்டும் சீரொளி எனப்படும் லேசர் கற்றையால் உருக்கி உறையவைத்து, படலத்தின்மேல் படலமாக ஓர் உலோக உறுப்பைக் கட்டி எழுப்பும் முறையாகும். பேச்சு வழக்கில் இது உலோக முப்பரிமாண அச்சாக்கம் எனப்படுகிறது. கடைசல் முறையில் கட்டியிலிருந்து வேண்டாதது நீக்கப்படுகிறது. வார்ப்பு முறையில் உருகிய உலோகம் அச்சில் ஊற்றப்படுகிறது. இம்முறையிலோ பொருள் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படுகிறது. பெயர்க் காரணமும் அதுவே.

முப்பரிமாண அச்சாக்கத்தின் தொடக்க முயற்சிகள் உலோகத்தைப் பற்றியவை அல்ல. 1981இல் சப்பானின் நகோயாவில் இதேயோ கொடாமாவும், 1984இல் காப்புரிமை கோரிய அமெரிக்கரான சக் அல்லும் ஒளிபட்டால் இறுகும் பிசினைக் கையாண்டனர். தூளைப் பரப்பிச் சீரொளியால் பிணைக்கும் எண்ணத்தை 1980களில் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு வளர்த்தெடுத்தார். உலோகத் தூளை முழுவதுமாக உருக்கும் முறை 1990களின் நடுவில் செருமனியின் ஆகென் நகரிலுள்ள பிரான்கோபர் நிறுவனத்தில் உருப்பெற்றது.

செய்முறை

உருகிய கலப்புலோகத் தாரையின்மீது மந்த வாயுவை வேகமாகப் பாய்ச்சினால் அது சிறு துளிகளாகச் சிதறி, விழும்போதே உறைந்து தூளாகிறது. ஏறத்தாழ 20 முதல் 63 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்கள் சலித்து எடுக்கப்படுகின்றன. மனித மயிரின் தடிப்பு இதே அளவினதே. துகள் உருண்டையாக இருப்பது முக்கியம். கோணல்மாணலான துகள்கள் சீராகப் பரவுவதில்லை.

பொறியின் அறை ஆர்கான் வாயுவால் நிரப்பப்படுகிறது. உள்ளே ஆக்சிசன் பொதுவாக 0.1 விழுக்காட்டுக்கும் கீழே வைக்கப்படும். ஒரு தகடு தூளை 30 முதல் 60 மைக்ரோமீட்டர் தடிப்பில் பரப்ப, சீரொளி அவ்வடுக்கின் வடிவத்தை வரைந்து உருக்குகிறது. பின்னர் மேடை ஒரு படலத்தின் அளவு கீழிறங்குகிறது. 10 செ.மீ. உயரமுள்ள ஓர் உறுப்பை 40 மைக்ரோமீட்டர் படலங்களால் கட்டினால் 2500 முறை இது நிகழ வேண்டும். பல மணி நேரம், சில வேளை சில நாட்கள் ஆவது இதனால்தான்.

சீரொளி ஓர் அடுக்கை வரையும் விதத்தைக் காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவோடு ஒப்பிடலாம். அங்கே புடவையின் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இங்கேயும் உட்பகுதி நெருக்கமான இணைகோடுகளாலும், விளிம்பு தனிக் கோட்டாலும் உருக்கப்படுகிறது. இவ்விரண்டும் போதிய அளவு ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்துளைகளின் வரிசை ஒன்று தங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆயினும் மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் உறுப்பில் விரிசல் தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய துளையிலிருந்தே. ஆகையால் வானூர்தி உறுப்புகளை ஊடுகதிர் படப்பிடிப்பால் சோதிக்கும் வழக்கம் உள்ளது.

அலுமினியத்தின் சிக்கல்கள்

எஃகும் தைட்டானியமும் இம்முறைக்கு எளிதில் இணங்கின. அலுமினியம் அவ்வாறு இணங்கவில்லை. முதலாவதாக, பொதுவாகப் பயன்படும் அகச்சிவப்புச் சீரொளியின் பெரும்பகுதியை அது தெறிக்கச் செய்கிறது. கிடைத்த வெப்பத்தையும் விரைவாகக் கடத்திவிடுகிறது. இரண்டாவதாக, ஒவ்வொரு துகளின்மீதும் ஆக்சைடுத் தோல் உண்டு. அலுமினியம் 660 °செ.இல் உருகும், அதன் ஆக்சைடோ 2000 °செ.ஐயும் தாண்டியே உருகும். உடையாத தோல் உறுப்பினுள் குறையாகத் தங்குகிறது. மூன்றாவதாக, தூள் ஈரத்தை உறிஞ்சினால் அதிலிருந்து வரும் ஐதரசன் உருகிய உலோகத்தில் கரைந்து, உறையும்போது குமிழ்களாகிறது. சென்னை, காஞ்சிபுரம் போன்ற ஈரக்காற்று மிகுந்த வட்டாரங்களில் தூளை உலர்வாகக் காப்பதே தனி வேலை.

அதிகம் பயன்படும் கலவையில் ஏறத்தாழ 10 விழுக்காடு சிலிக்கானும் அரை விழுக்காட்டுக்கும் குறைவான மக்னீசியமும் உள்ளன. இது பழைய வார்ப்புக் கலவைகளின் உறவினமே. சிலிக்கான் மிகுதியால் உருகிய உலோகம் நன்கு பாய்கிறது, விரிசலும் குறைகிறது. நுண் உருகுகுளம் நொடிக்கு இலட்சக்கணக்கான பாகை வேகத்தில் குளிர்வதால் படிகங்கள் மிகச் சிறியனவாகி, இழுவலிமை 400 மெகாபாசுக்கலையும் எட்டக்கூடும். அதே வேகக் குளிர்ச்சி உள்தகைவுகளையும் விட்டுச் செல்கிறது. அவற்றைத் தணிக்க உறுப்பை ஏறத்தாழ 300 °செ.இல் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் வலிமையில் ஒரு பகுதி போய்விடும். நீளும் தன்மை கூடும். இரண்டையும் ஒருங்கே பெறுவது கடினம்.

வானூர்திகளில் பெயர்பெற்ற 7075 போன்ற வலுவான கலவைகள் இம்முறையில் உறையும்போதே விரிசல் விட்டன. 2017இல் அமெரிக்காவின் எச்.ஆர்.எல். ஆய்வகத்தார் துகள்களின்மீது சிர்க்கோனியம் சார்ந்த நானோ துகள்களை ஒட்டவைத்து, படிகங்கள் சிறுசிறு மணிகளாக உருவாகச் செய்து இதற்குத் தீர்வு காட்டினர். ஐரோப்பாவின் ஏர்பசு குழுமம் இசுக்காண்டியம் சேர்த்த கலவையை உருவாக்கியது. அது சிறந்ததே, ஆனால் இசுக்காண்டியத்தின் விலை அதன் பரவலைத் தடுக்கிறது.

காஞ்சிபுரம் வட்டாரமும் அலுமினியமும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அதே மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் நாட்டின் பெரிய ஊர்தித் தொழில் வட்டாரங்களுள் அடங்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2013இல் ராயல் என்பீல்டு ஆலை இயங்கத் தொடங்கியது. இவ்வகை ஊர்திகளின் எந்திர உறைகளும் பல்லிணைப் பெட்டிகளும் பெரும்பாலும் அழுத்த வார்ப்பில் செய்யப்படும் அலுமினியமே. அழுத்த வார்ப்பில் ஓர் உறுப்பு ஒன்றிரண்டு நிமிடங்களில் வெளிவந்துவிடும். பல்லாயிரக்கணக்கில் ஒரே உறுப்பு வேண்டுமிடத்தில் தூள்முறை அதனோடு போட்டியிட இயலாது. இரண்டு மூன்று மாதிரிகள் மட்டும் வேண்டும்போதும், உள்ளே வளைந்து செல்லும் குளிர்வழிகள் வேண்டும்போதும் நிலை மாறுகிறது. 2020இல் போர்சே நிறுவனம், மாலே, துரும்பு நிறுவனங்களுடன் இணைந்து தன் 911 ஜி.டி.2 ஆர்.எசு. மகிழுந்துக்கு அச்சிட்ட அலுமினிய உந்துதண்டுகளைச் செய்து சோதித்தது. அவை வழக்கமானவற்றைவிட 10 விழுக்காடு எடை குறைந்தவை. மேற்பகுதியினுள் குளிர்வழியும் இருந்தது.

காஞ்சிபுரம் பெயரைத் தாங்கிய இந்திய தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு மற்றும் உற்பத்தி நிறுவனம் 2007இல் நிறுவப்பட்டது. அது அமைந்துள்ள மேலக்கோட்டையூர் 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதனுள் சென்றுவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

தூளின் ஆபத்து

அலுமினியப் பாத்திரம் அடுப்பில் எரிவதில்லை. ஆனால் அதே உலோகம் தூளானதும் எரிபொருளாகிறது. சிவகாசிப் பட்டாசின் வெண்ணொளிக்கும், பி.எசு.எல்.வி. ஏவூர்தி முதற்கட்டத்தின் திட எரிபொருளுக்கும் அலுமினியத் தூள் சேர்க்கப்படுகிறது. காற்றில் மேகமாகப் பரவிய நுண்தூளுக்கு ஒரு நிலைமின் பொறியே போதும். எனவே தொழிற்கூடத்தில் பொறிகளைப் புவியிணைப்புச் செய்வதும், தூளுறிஞ்சிகளை வெடிகாப்பு வகையாக வைப்பதும், மூச்சுக் கவசம் அணிவதும் கட்டாயம். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுதல் கூடாது. சூடான அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஐதரசனை வெளிவிடும். உலர்மணலோ உலோகத் தீக்குரிய அணைப்புத் தூளோ மட்டுமே பயன்படும். சிறு பட்டறைகள் இத்துறையில் இறங்கத் தயங்குவதற்குப் பொறியின் விலையோடு இதுவும் காரணமாகும்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

இம்முறையின் பயன் விண்வெளித்துறையில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே எண்ணிக்கை குறைவு, எடையோ விலைமிக்கது. 2017இல் ஏவப்பட்ட சிசாட்-19 செயற்கைக்கோளின் அலைக்கம்ப ஊட்டுத் தொகுதியைப் பெங்களூரின் விப்ரோ 3டி உலோக அச்சாக்கத்தில் செய்து தந்தது. 2024 மே 9 அன்று திருநெல்வேலி மாவட்ட மகேந்திரகிரியில் இசுரோ, அச்சிடப்பட்ட பி.எசு.4 பொறியை 665 நொடிகள் இயக்கிச் சோதித்தது. முன்பு 14 உறுப்புகளாக இருந்தது ஒன்றாயிற்று. 19 பற்றவைப்புகள் தேவையற்றுப் போயின. பழைய முறையில் 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ தூளே போதுமாயிற்று. அதே மாதம் 30ஆம் நாள் சென்னையின் அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட பொறியுடன் தன் சோதனை ஏவூர்தியைச் சிரீஅரிகோட்டாவிலிருந்து ஏவியது. அப்பொறி அலுமினியத்தால் ஆனதன்று, நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது; எரிகலனின் வெப்பத்தை அலுமினியம் தாங்காது.

இந்திய அரசு 2022 பெப்ரவரியில் சேர்ப்பு உற்பத்திக்கான தேசிய உத்தியை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம், சி.இ. நிறுவனத்துடன் இணைந்து சென்னை டைடல் பூங்காவில் மேம்பட்ட உற்பத்திக்கான திறன்மிகு மையத்தைத் தொடங்கியது.