வளர்ப்புப் பாம்புப் பெட்டிக்கு வெப்பமூட்டல்

வளர்ப்புப் பாம்புப் பெட்டிக்கு வெப்பமூட்டல் என்பது, வீட்டில் வளர்க்கப்படும் பாம்பு தன் உடல் வெப்பநிலையைத் தானே சீர்செய்துகொள்ளும் வகையில், அதன் பெட்டியின் ஒரு பகுதியை மட்டும் செயற்கையாகச் சூடாக்கும் முறையாகும். பிரித்தானியா போன்ற குளிர் நாடுகளில் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு, சோளப் பாம்பு ஆகியவற்றுக்கு இது உணவுக்கு நிகரான தேவையாகும். அதே வேளையில், கட்டுப்பாடில்லாத வெப்பமூட்டி பாம்பின் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். சில வேளைகளில் வீட்டிலும் தீயை உண்டாக்கும். இக்கட்டுரை பந்து மலைப்பாம்பை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு பாதுகாப்பான வெப்பமூட்டலை விளக்குகிறது.

வெப்பம் ஏன் தேவை

பறவைகளும் பாலூட்டிகளும் உண்ணும் உணவிலிருந்து உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. பாம்புகளோ வெளியிலிருந்து வெப்பத்தைப் பெறுகின்றன. இதனால் இவை 'குளிர் இரத்த விலங்குகள்' என வழங்கப்பட்டாலும், இவற்றின் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்வதன் மூலம் ஊர்வன தம் உடல் வெப்பநிலையைக் கணிசமான அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன என்பதை ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் பாலைவன ஊர்வன பற்றிய தங்கள் 1944 ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினர்.

செரிமானம், நோய் எதிர்ப்பு, தசை இயக்கம் ஆகிய அனைத்தும் உடல் வெப்பநிலையைச் சார்ந்தே நடைபெறுகின்றன. போதிய வெப்பம் கிடைக்காத பாம்பு உண்ண மறுக்கும். உண்ட எலியைச் செரிக்க இயலாமல் கக்கிவிடும். தொடர்ந்து குளிரில் இருந்தால் மூச்சுக்குழல், நுரையீரல் தொற்றுகள் எளிதில் ஏற்படும். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூச்சில் இரைச்சல், மூக்கில் சளிக்குமிழ் ஆகியன அதன் அறிகுறிகளாகும்.

வெப்பநிலைச் சரிவு

பெட்டி முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது தவறாகும். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இவ்வாறு படிப்படியாகக் குறையும் அமைப்பு வெப்பநிலைச் சரிவு எனப்படுகிறது. இரை உண்ட பாம்பு சூடான பக்கத்துக்கும், உடல் போதிய அளவு சூடேறியதும் குளிர்ந்த பக்கத்துக்கும் தானே நகர்ந்துகொள்ளும்.

பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்கி, இரவில் வெளிவரும். இதற்குச் சூடான பகுதியின் பரப்பு 31 முதல் 33 பாகை செல்சியசு வரையும், குளிர்ந்த பகுதி 24 முதல் 27 பாகை வரையும் இருப்பது ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்புக்குச் சூடான பகுதியில் 29 முதல் 31 பாகையும், குளிர்ந்த பகுதியில் 21 முதல் 24 பாகையும் போதும்.

இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் மறைவிடம் இருந்தால், கூச்ச இயல்புள்ள பாம்பு ஒளிந்திருப்பதற்காகத் தனக்கு ஒவ்வாத வெப்பத்தையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். அப்போது வெப்பநிலைச் சரிவு இருந்தும் பயனில்லை.

தீக்காயம் எவ்வாறு ஏற்படுகிறது

கை சுட்டவுடன் மனிதர் அதை இழுத்துக்கொள்வது போல, பாம்பும் சூடான பரப்பிலிருந்து விலகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். நடைமுறையில் பாம்புகள், கீழிருந்து வரும் மிகையான வெப்பத்தின் மீது நெடுநேரம் அசையாமல் கிடந்து வயிற்றுப் பகுதி வெந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் காண்கின்றனர். பந்து மலைப்பாம்பின் மேலுதட்டில் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் குழிகள் உள்ளன. இருளில் தொலைவில் உள்ள எலியின் உடல் வெப்பத்தையும் அவை உணரும். ஆயினும் அவை இரையைக் கண்டறிவதற்கானவை. வயிற்றைச் சூட்டிலிருந்து காப்பவை அல்ல. இயற்கையில் வெயில் மேலிருந்து வருகிறது. நிலத்துக்குள் போகப்போகக் குளிர்ச்சி மிகுகிறது. அடியில் விரிப்பு உள்ள பெட்டியிலோ, குளிர்ச்சி தேடிப் படுகையைத் தோண்டிச் செல்லும் பாம்பு வெப்பமூட்டியின் மீதே போய்ப் படுக்க நேரிடுகிறது.

பெட்டிக்குள் வைக்கப்படும் மின்சாரச் சூட்டுக்கல் இவ்வகையில் பெயர்போன கருவியாகும். அதன் பரப்பில் வெப்பம் ஒரே சீராகப் பரவுவதில்லை. பாம்பு அதை நேரடியாகச் சுற்றிக்கொள்ளவும் முடியும். எனவே இது தவிர்க்கப்பட வேண்டியது.

வெப்பமூட்டும் கருவிகள்

வெப்ப விரிப்பு: பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ பொருத்தப்படும் மெல்லிய மின் விரிப்பு. தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மட்டும் இது இருக்க வேண்டும். காற்றைப் பெரிதும் சூடாக்காது. கண்ணாடித் தொட்டியின் அடியில் வைக்கும்போது காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும். இல்லையெனில் வெப்பம் தேங்கிக் கண்ணாடி வெடிக்கக்கூடும். விரிப்பின் மீது கனமான பொருள்களை வைத்தாலும் அவ்விடத்தில் வெப்பம் தேங்கும்.

பீங்கான் வெப்ப உமிழி: ஒளியின்றி வெப்பத்தை மட்டும் தருவதால் இரவிலும் பயன்படும். இதன் பரப்பு 200 பாகையையும் தாண்டக்கூடியது. எனவே பீங்கான் தாங்கியில் மட்டுமே பொருத்த வேண்டும். நெகிழித் தாங்கி உருகிவிடும்.

வெப்ப விளக்கு: பகல் வெயிலைப் போல மேலிருந்து வெப்பமும் ஒளியும் தரும். ஆலசன் விளக்குகள் தோலை ஊடுருவும் குறுநீள அகச்சிவப்புக் கதிர்களையும் தருகின்றன. இரவில் அணைத்து வைக்க வேண்டும்.

கதிர்வீச்சு வெப்பப் பலகை: பெட்டியின் கூரையில் பதிக்கப்படும் தட்டையான பலகை. பெரிய பெட்டிகளுக்கு ஏற்றது.

பெட்டிக்கு உள்ளே இருக்கும் விளக்கும் உமிழியும் கம்பிக் கூண்டால் மூடப்பட்டிருப்பது கட்டாயமாகும். பாம்புகள் ஏறும் இயல்பின. வெதுவெதுப்பான பொருளைச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். கூண்டின் கம்பி இடைவெளி பாம்பின் தலை நுழையாத அளவில் இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இல்லாமல் எந்த வெப்பமூட்டியையும் இயக்குதல் கூடாது. குறைந்த திறன் கொண்ட விரிப்பும் இதற்கு விலக்கல்ல. இது மூன்று வகைப்படும். மின்சாரத்தை முழுமையாக இணைத்துத் துண்டிக்கும் வகை விரிப்புகளுக்குப் போதுமானது. மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்பும் வகை பீங்கான் உமிழிக்கு ஏற்றது. விளக்கில் இணைத்தால் ஒளி விட்டுவிட்டு எரியும். படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வகையே விளக்குகளுக்கு உரியது.

கட்டுப்படுத்தி தன் உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே அறியும். பல விபத்துகளுக்கு இதுவே காரணம். உணரி பெட்டியிலிருந்து நழுவிக் குளிர்ந்த அறைத் தரையில் விழுந்துவிட்டால், பெட்டி குளிர்ந்திருப்பதாகக் கருதி வெப்பமூட்டியை அது இடைவிடாமல் இயக்கிக்கொண்டே இருக்கும். நீர்க்கிண்ணம் கவிழ்ந்து உணரி நனைந்தாலும் அளவு குறைவாகக் காட்டும். ஆகவே உணரியை அசையாதவாறு பொருத்த வேண்டும். விரிப்பு எனில், உணரி அதன் மேற்பரப்பை ஒட்டி, பாம்பால் நகர்த்த முடியாத இடத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து வெப்பம் தரும் கருவி எனில், சூடான பகுதியில் பாம்பு படுக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒட்டுநாடாவைப் பயன்படுத்தக் கூடாது. அதில் பாம்பு ஒட்டிக்கொண்டால் விடுவிக்கும்போது செதில்கள் பிய்ந்துவரும்.

அளத்தல்

கட்டுப்படுத்தியில் குறிக்கப்பட்ட எண்ணை அப்படியே நம்பாமல், தனி வெப்பமானிகளால் இரு முனைகளிலும் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் பட்டை வெப்பமானி, தான் ஒட்டியுள்ள இடத்தின் நிலையையே காட்டும். பாம்பு படுக்கும் தரையின் வெப்பத்தைக் காட்டாது. அகச்சிவப்பு வெப்பமானி பரப்பின் வெப்பத்தை நொடியில் காட்டும். படுகையை விலக்கி, பாம்பின் வயிறு தொடக்கூடிய அடிப்பரப்பையும் அளக்க வேண்டும். புதிய பெட்டியை ஓரிரு நாட்கள் வெறுமையாக இயக்கிப் பார்த்த பின்னரே பாம்பை உள்ளே விடுவது நல்லது.

வெப்பமூட்டல் காற்றின் ஈரத்தைக் குறைக்கும். பந்து மலைப்பாம்புக்கு 50 முதல் 70 விழுக்காடு வரை ஈரப்பதம் தேவை. அது குறைந்தால் சட்டை முழுமையாக உரியாமல் துண்டு துண்டாகத் தங்கும். கண்ணை மூடியுள்ள செதிலும் உரியாமல் நிற்கலாம்.

மின் பாதுகாப்பும் மின்தடையும்

மின்வடங்கள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கித் தொங்கி வளைந்திருந்தால், சிந்தும் நீர் வடத்தின் வழியே மின்செருகிக்குச் செல்லாது. நீர் தெளிக்கும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். விரிப்பில் மடிப்போ கருகலோ தென்பட்டால் உடனே மாற்ற வேண்டும்.

சில மணி நேர மின்தடையால் நலமாக உள்ள பாம்புக்குப் பெரும் தீங்கு நேராது. பெட்டியைப் போர்வையால் சுற்றி, காற்று செல்ல வழி விட்டால் போதும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, பாம்பின் மீது படாதவாறு வைக்கலாம். மின்சாரம் திரும்பும் வரை உணவு கொடுக்கக் கூடாது. குளிரை விட மிகையான வெப்பமே விரைவாகக் கொல்லும். உடல் வெப்பநிலை 40 பாகையை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே கண்ணாடிப் பெட்டியை நேர் வெயிலில் வைக்கக் கூடாது.

காயம் பட்டால்

செதில்கள் சிவத்தல், பழுப்பாக மாறுதல், கொப்புளம், நீர் கசிதல் ஆகியன தீக்காயத்தின் அறிகுறிகள். காயத்தின் ஆழம் சில நாட்கள் கழித்தே தெரியவரலாம். வெப்பமூட்டியை அணைத்து, காயத்தைக் குளிர்ந்த நீரால் நனைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி, எண்ணெய், வீட்டுக் களிம்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். படுகையை நீக்கிவிட்டுத் தூய வெள்ளைத் தாளை விரிக்க வேண்டும். ஆறுவதற்குப் பலமுறை சட்டை உரிக்கும் காலம் ஆகலாம். தழும்பு நிலைத்துவிடுவதும் உண்டு.

சட்ட நிலை

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்குக்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருவதை உரிமையாளரின் கடமையாக்குகிறது. இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.