பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே ஒரு பழுப்புப் பூச்சி!

மேலே பீரங்கிக் குண்டு பறக்கிறது. கீழே வண்ணத்துப்பூச்சி பறக்கிறது.

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தில், பிராக் கோட்டை என்ற ராணுவ முகாமில் நடக்கும் சங்கதி.

பிராக் கோட்டை பெரிய முகாம். 1918-ம் ஆண்டில் பீரங்கிப் பயிற்சிக்காக ஏற்படுத்தப்பட்டது. 1,60,000 ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. (2023-ல் இதன் பெயரை மாற்றினார்கள். 2025-ல் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது!) மணற்பாங்கான பூமி. எங்கு பார்த்தாலும் பைன் மரக் காடு. காட்டுக்கு நடுவே சிறு ஓடைகள். ஓடைக் கரையில் கோரை மண்டிய சதுப்பு நிலம்.

அந்தக் கோரையில்தான் இந்தப் பூச்சி வாழ்கிறது. உலகத்தில் வேறு எங்குமே இது கிடையாது.

இதற்குப் "புனித பிரான்சிஸ் சாட்டிர்" என்று பெயர். பெயர்தான் பெரிது. ஆள் சிறிது. இரண்டு சிறகையும் விரித்தால் ஒன்றரை அங்குலம் இருக்கும். நிறம் பழுப்பு. சிவப்பு இல்லை, நீலம் இல்லை, பளபளப்பு இல்லை. பட்டுச் சேலைகளுக்கு நடுவே நூல் சேலை கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப்போல, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சிறகின் அடிப்புறத்தில் வரிசையாகக் கண்கள்! கருமையான வட்டம். அதைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம். சிறகின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கோடுகள். இவை உண்மையான கண்கள் அல்ல. கண்போன்ற புள்ளிகள். கண் என்று எண்ணிப் பறவை அங்கே கொத்தினால், சிறகின் ஓரம் கிழியும். உயிர் தப்பிவிடும்.

ஏமாற்றும் இரட்டையர்

இதைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் அல்ல. உயரே பறக்காது. கோரையின் தலையை ஒட்டி, எழும்பி எழும்பித் தாழ்ந்து போகும். திடீரென்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்ளும். காய்ந்த கோரை எது, பூச்சி எது என்று தெரியாது.

அதோடு இன்னொரு தொல்லை. இதே சதுப்பு நிலத்தில் "ஜார்ஜியா சாட்டிர்" என்று இன்னொரு பழுப்புப் பூச்சியும் பறக்கிறது. பார்த்தால் கூடப் பிறந்ததுபோல இருக்கும். பறக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஜார்ஜியா சாட்டிருக்குக் கண் புள்ளி நீண்டிருக்கும். புனித பிரான்சிஸ் சாட்டிருக்கு வட்டமாக இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் காமிரா உதவுகிறது.

ஒன்றை இன்னொன்றாக எண்ணி எழுதிவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். அழிந்து போகிற பூச்சியை "நிறைய இருக்கிறது" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. படம் கையில் இருந்தால் வீட்டுக்கு வந்து, சாவதானமாகப் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யலாம்.

படம் எடுப்பதற்கும் பக்குவம் வேண்டும். காலை நேரம் நல்லது. உடம்பில் சூடு ஏறுகிற வரையில் பூச்சி சுறுசுறுப்பாக இராது. மெல்ல மெல்ல நெருங்க வேண்டும். நம்முடைய நிழல் அதன்மேல் விழக்கூடாது. விழுந்தால் பறந்துவிடும். குனிந்து, மண்டியிட்டு, பூச்சியின் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மூடிய சிறகுக்கு நேராகக் காமிராவைப் பிடித்தால்தான் எல்லாப் புள்ளிகளும் தெளிவாக விழும். சற்றுச் சாய்ந்தாலும் பாதிச் சிறகு மங்கிவிடும்.

கண்ட இடத்தில் காலை வைக்கவும் முடியாது. காலடியில் நசுங்கும் கோரையில் இதன் புழு இருக்கலாம். அதனால் சதுப்பு நிலத்தில் பலகைகளைப் போட்டு, ஆராய்ச்சியாளர்கள் அதன்மேல் நடக்கிறார்கள். வளர்ந்த பூச்சியின் ஆயுளோ மூன்று நான்கு நாள். மே மாதக் கடைசியில் ஒரு தலைமுறை பறக்கும். ஜூலைக் கடைசியில் அடுத்த தலைமுறை. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால், பலகையில் நின்றுகொண்டு கோரையைத்தான் படம் எடுக்க வேண்டும்.

செத்துப் பிழைத்தது

இந்தப் பூச்சி மனிதர் கண்ணில் முதலில் பட்டது 1983-ம் ஆண்டில். முறைப்படி பெயர் வைத்தது 1989-ல். பெயர் வைத்த கொஞ்ச நாளிலேயே "பூண்டோடு அழிந்துவிட்டது" என்று முடிவு கட்டினார்கள். வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் வைப்பதைச் சிலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அரிய பூச்சி என்றால் அவர்களுக்கு ஆசை அதிகம். அவர்களால்தான் அழிந்தது என்று பேச்சு.

ஆனால் 1992-ல் பிராக் கோட்டைக்குள் மீண்டும் தென்பட்டது! 1994-ல் அமெரிக்க அரசு அவசரம் அவசரமாக இதற்குப் பாதுகாப்பு அளித்தது. 1995-ல் அது நிரந்தரமாயிற்று. இப்போது இதைப் பிடித்தால் குற்றம்.

நிக் ஹாடாட் என்ற விஞ்ஞானி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பூச்சி வாழும் இடங்களை யாரும் தொடாமல் காப்பாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நெருப்புப் படக்கூடாது. வெள்ளம் வரக்கூடாது. நியாயமான எண்ணம்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் பூச்சி பெருகவில்லை. குறைந்துகொண்டே போயிற்று!

அதே சமயம், குண்டு விழுகிற பீரங்கி மைதானத்தில் அது செழிப்பாக இருந்தது. வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடக்கும் இடம் அது. நினைத்தபோது யாரும் உள்ளே போக முடியாது. இந்த இனத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருந்தது.

நெருப்பும் வெள்ளமும்

காரணம் என்ன? குண்டு வெடித்தால் காட்டில் தீப்பிடிக்கிறது. தீ, புதரையும் மரக்கன்றுகளையும் எரிக்கிறது. வெயில் தரையில் விழுகிறது. கோரை தழைக்கிறது. அந்த இடத்தில் இருந்த பூச்சிகள் தீயில் மாண்டுபோவது உண்மையே. ஆனால் பக்கத்துச் சதுப்பிலிருந்து வேறு பூச்சிகள் வந்து குடியேறுகின்றன. தீயே இல்லாவிட்டால் மரங்கள் ஓங்கி வளரும். நிழலில் கோரை செத்துவிடும். கோரை போனால் புழுவுக்குச் சோறு இல்லை.

இன்னொரு உதவியாளரும் உண்டு. அதுதான் பீவர். பல்லால் மரத்தை அறுத்துத் தள்ளி, ஓடைக்கு அணை கட்டும் பிராணி. அணைக்குப் பின்னால் குளம் தேங்கும். மரங்கள் தண்ணீரில் நின்று பட்டுப்போகும். சில ஆண்டுகளில் பீவர் அணையை விட்டுவிட்டு வேறு இடம் போகும். அணை உடையும். குளம் வடியும். ஈரத் தரையில் கோரை முளைக்கும். பூச்சிக்கு வீடு தயார்! வட கரோலினாவில் தோலுக்காகப் பீவரை வேட்டையாடி ஒழித்துவிட்டிருந்தார்கள். 1939-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது மறுபடியும் பெருகிற்று.

உண்மை தெரிந்த பிறகு ஹாடாட் குழுவினர் வழியை மாற்றினார்கள். 2011 முதல், பீரங்கி மைதானத்துக்கு வெளியே உள்ள சில இடங்களில் மரங்களை வெட்டினார்கள். ஓடையில் செயற்கை அணை போட்டார்கள். பீவர் செய்யும் வேலையை மனிதர் செய்தார்கள்! கூண்டில் வளர்த்த பூச்சிகளையும் கொண்டுபோய் விட்டார்கள். கோரை வந்தது. பூச்சியும் வந்தது. தாம் முதலில் நினைத்தது தவறு என்பதை ஹாடாட் ஒளிக்கவில்லை. 2019-ல் வெளியான தம் புத்தகத்தில் விவரமாகவே எழுதியிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் இந்த இனம் மொத்தம் சில ஆயிரம்தான்.

இதன் தூரத்து உறவுக்காரர் நம் ஊரிலும் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து சுவரில் முட்டும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் புழு நெற்பயிரின் இலையைத் தின்னும். மழைக்காலத்தில் சிறகில் கண் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். கோடையில் அவை மங்கிப்போய், சிறகு சருகாகவே தோன்றும். அதைப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வாசலில் கிடக்கும் சருகுகளில் எது எழுந்து பறக்கிறது என்று பார்த்தால் போதும்.

பிராக் கோட்டையிலோ, குளிர்காலம் முழுவதும் பூச்சி வெளியே தலை காட்டாது. புழுவாகவே காலத்தைத் தள்ளும். மே மாதம் பிறந்ததும் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி பலகையில் ஏறிக் கோரையை உற்றுப் பார்ப்பார்கள். தூரத்தில் பீரங்கி முழங்கும். மனிதருக்குத்தான் தூக்கிவாரிப் போடும். கோரை நுனியில் உட்கார்ந்திருக்கும் பூச்சி, நிழல் விழாத வரையில், அசையாது.