கண்ணாடி இழையில் மணி அடிக்குமா?

புதுக்கோட்டையின் பழைய வீடுகள் சிலவற்றில், கூடத்து முக்காலியில் அந்தக் கறுப்பு போன் இன்னும் இருக்கிறது. விரலை விட்டுச் சுழற்றும் ரகம். 04322-க்குப் பின்னால் வரும் அதன் எண் சொந்தபந்தங்களுக்கெல்லாம் மனப்பாடம். தெருவுக்கு பைபர் வந்து செம்புக் கம்பி கழற்றப்பட்டால், இந்தப் போனைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். பைபர் மோடத்தின் பின்பக்கம் பாருங்கள். நெட் கேபிள் செருகும் துளைகளை ஒட்டி, அவற்றைவிடச் சிறிய துளை ஒன்று இருந்தால் அது போனுக்கானது. நிறுவனம் போன் வசதியைத் திறந்துவிட்டிருந்தால், பழைய போனைச் செருகியதும் டயல் டோன் கேட்கும்.

சிக்கல் எண்ணைச் சுழற்றும்போதுதான். 4-ஐ இழுத்து விட்டால், தட்டு திரும்புகிற நேரத்தில் மின்னோட்டம் 4 முறை அறுந்து சேரும். 0 என்றால் 10 முறை. இந்த வெட்டுகளை எண்ணித்தான் எக்ஸ்சேஞ்ச் எண்ணைத் தெரிந்துகொண்டது. பல மோடங்களுக்கு அது புரியாது. பட்டன் போன் எழுப்பும் இரட்டை ஒலிதான் புரியும். வெட்டுகளை ஒலியாக மாற்றித் தரும் சிறு கருவியை இடையில் மாட்டினால் தீர்ந்தது. பழைய பட்டன் போன் என்றால் இன்னும் சுலபம்: அடியில் சுவிட்ச் இருந்தால் 'பி'யிலிருந்து 'டி'க்குத் தள்ளுங்கள்.

மணிச் சத்தம் ஈனமாக இருந்தால், ஒரே இணைப்பில் மாட்டியிருக்கும் மற்ற போன்களைக் கழற்றிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் தந்த அளவு வலு மோடத்துக்குக் கிடையாது. ஃபேக்ஸ் பாதியில் நின்றால், வேகத்தை 9600-க்குக் குறைத்து அனுப்பலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது கரண்ட். செம்புக் கம்பி பேச்சோடு மின்சாரத்தையும் கொண்டு வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி, வீடு இருண்டாலும் போனை உயிரோடு வைத்திருந்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம் மட்டுமே வரும். மோடம் அணைந்தால் போனும் ஊமை.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலை நம் மாவட்டம் மறக்காது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்து, கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட மண்ணில், பைபர் போடும் அன்றே மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிவிட வேண்டும். பெரும்பாலான மோடங்களுக்கு 12 வோல்ட் போதும். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டியபின் ஒருநாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரிசீவரைத் தூக்கிக் காதில் வையுங்கள். டயல் டோன் கேட்டால், புயலுக்கு உங்கள் வீட்டுப் பங்கு வேலை முடிந்தது.