சக்கரங்கள் ஒளிந்துகொள்ளும் அறை

2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி காலை. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம், பாத்தாம் தீவுக்கு மேலே உயர்ந்துகொண்டிருந்தது. திடீரென அதன் இரண்டாம் எண் இயந்திரம் வெடித்தது. சிதறிய உலோகத் துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. உள்ளே ஓடிய மின்கம்பிகள் அறுந்தன, குழாய்கள் சேதமடைந்தன. விமானத்தில் 469 பேர் இருந்தனர்.

சாங்கி விமான நிலையத்திற்கே திரும்ப வேண்டும். ஆனால், சக்கரங்களை வெளியே இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பு வழக்கம்போல் வேலை செய்யும் நிலையில் இல்லை. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் அவருடைய குழுவினரும் மாற்று வழியைக் கையாண்டனர். சக்கரங்களை மேலே பிடித்திருந்த கொக்கிகளை விடுவித்தனர். மீதி வேலையைப் புவியீர்ப்பு விசை பார்த்துக்கொண்டது. சக்கரங்கள் தாமாகவே கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால், அந்தச் சக்கரங்கள் அடைந்து கிடந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தால், இந்த எளிமைக்குப் பின்னால் எவ்வளவு சிந்தனை இருக்கிறது என்பது புரியும். வாருங்கள், பார்ப்போம்.

காலுக்குக் கீழே ஓர் அறை

விமானம் மேலெழும்பிய சில வினாடிகளில், இருக்கைக்கு அடியில் 'கடகட' என்று ஒரு சத்தமும், பிறகு 'டம்' என்று ஓர் அதிர்வும் கேட்கும். முதன்முறை பயணம் செய்பவர்கள் சற்று மிரண்டு போவார்கள். சக்கரங்கள் தம் அறைக்குள் செல்லும் ஓசைதான் அது.

விமானத்தின் முதன்மைச் சக்கரங்கள் அதன் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. எனவே, விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால்தான் அவற்றை அமைக்க முடியும். அந்த இடம் இறக்கைகளும் உடலும் சேரும் பகுதி. அங்கே எரிபொருள் தொட்டி இருக்கிறது. விமானத்தின் மிகக் கனமான சட்டங்கள் இருக்கின்றன. ஆக, விமானத்திலேயே இடநெருக்கடி மிகுந்த பகுதியில்தான் சக்கரங்களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயணிகள் இருக்கும் பகுதியில் காற்றழுத்தம் செயற்கையாகக் காக்கப்படுகிறது. சக்கர அறையில் அது இல்லை. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே ஏறத்தாழ மைனஸ் 55 டிகிரி செல்சியஸ் குளிர். காற்றும் மிக மெல்லியது. சக்கர அறையின் கூரைக்கு மேலே ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். அந்தக் கூரைதான் இரண்டு உலகங்களையும் பிரிக்கும் சுவர். வயிற்றுப் பகுதியில் இவ்வளவு பெரிய திறப்பு வைத்தால் உடல் வலுவிழக்கும் அல்லவா? அதை ஈடுகட்ட, இடது வலது அறைகளுக்கு நடுவே, கப்பலின் அடிமரம் போல உறுதியான ஓர் உத்திரம் நீளவாக்கில் ஓடுகிறது.

சக்கரம் மட்டுமா இருக்கிறது?

போயிங் 737 விமானத்தின் சக்கர அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், ஓர் ஆலையின் இயந்திரக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது போலத் தோன்றும். ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. இறக்கையின் பின்புற மடல்களை இறக்கி ஏற்றும் மோட்டார் அங்கே. விமானி திருப்பும் கைப்பிடியிலிருந்து இறக்கைக்குச் செல்லும் எஃகு வடங்களும் அந்த அறை வழியாகவே செல்கின்றன. எங்கு பார்த்தாலும் குழாய்கள், வால்வுகள், மின்கம்பிகள்.

இவற்றை ஏன் இங்கே வைத்தார்கள்? விமானம் தரையில் நிற்கும்போது பொறியாளர்கள் நேரே நடந்து வந்து, கை நீட்டிச் சோதிக்கக்கூடிய இடம் இது. பராமரிப்புக்கு வசதி. ஆனால், அந்த வசதியோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. விமானத்தின் உயிர்நாடிகள் ஓடும் அறைக்குள், சற்று முன்புவரை ஓடுபாதையில் உருண்ட கனமான, சூடான சக்கரங்களும் வந்து அமர்கின்றன. அதனால்தான், உள்ளே வரும் சக்கரத்துக்குப் பல கட்டுப்பாடுகள்.

வரிசை தவறக்கூடாது

ஏ320 போன்ற விமானங்களில் சக்கர அறைக்கு மூடும் கதவுகள் உண்டு. விமானி நெம்பை மேலே தூக்கியதும், முதலில் கதவுகள் திறக்க வேண்டும். பிறகு, சக்கரத்தின் காலை நேராகப் பிடித்திருக்கும் பூட்டு விடுபட வேண்டும். கால் மடங்கி உள்ளே வர வேண்டும். மேலே உள்ள கொக்கி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கதவுகள் மூட வேண்டும். இந்த வரிசையில் ஒன்று முந்தினாலும் கதவும் சக்கரமும் மோதிக்கொள்ளும். எனவே, ஒவ்வொரு படியும் முடிந்ததை உணர்கருவிகள் உறுதிப்படுத்திய பிறகே அடுத்த படி தொடங்கும்.

விமானம் தரையில் இருக்கும்போது யாராவது தவறுதலாக நெம்பைத் தூக்கிவிட்டால்? அது நகராது. சக்கரக் கால்களில் உள்ள அதிர்வுதாங்கிகள் எடையால் அமுங்கியிருக்கும்வரை நெம்பு பூட்டியே இருக்கும். விமானம் எழும்பி, கால்கள் நீண்ட பிறகுதான் பூட்டு விடும்.

கால்களை மடக்கும் விசை ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் கிடைக்கிறது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. அதாவது, உங்கள் விரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 210 கிலோகிராம் எடை அழுத்துவதற்குச் சமம். ஏ380 விமானத்தில் அழுத்தம் 5,000 பவுண்டு.

இடப் பற்றாக்குறைக்கும் விதவிதமான தீர்வுகள் உண்டு. ஏ330 விமானத்தின் முதன்மைக் கால்கள் தரையில் நிற்கும் நீளத்திலேயே மடங்கினால் அறைக்குள் அடங்காது. அதனால், மடங்கும்போதே அவை நீளத்தைக் குறைத்துக்கொள்கின்றன. போயிங் 777 விமானத்தின் ஒவ்வொரு முதன்மைக் காலிலும் ஆறு சக்கரங்கள். அந்த ஆறு சக்கரச் சட்டம் சரியான கோணத்தில் சாய்ந்த பிறகே உள்ளே நுழைய முடியும். குறுகிய கதவு வழியாக நீள்இருக்கையைச் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோவோமே, அதைப் போலத்தான்.

சுழன்றபடி உள்ளே வராதே!

இப்போது ஒரு சிறு கணக்கு. 737 விமானத்தின் முதன்மைச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 1.13 மீட்டர். எனவே, சுற்றளவு சுமார் 3.55 மீட்டர். விமானம் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில், தரையை விட்டு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75ஐ 3.55ஆல் வகுத்தால் 21. ஒரு வினாடிக்கு 21 சுற்று!

இந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தை அப்படியே அறைக்குள் விட முடியாது. எனவே, நெம்பைத் தூக்கியதும் முதன்மைச் சக்கரங்களுக்குத் தானாகவே பிரேக் போடப்படுகிறது. 737 விமானத்தின் முன் சக்கரங்களில் பிரேக் இல்லை. அவை உள்ளே போய், அங்கே காத்திருக்கும் பட்டைகளில் உரசி நின்றுவிடுகின்றன.

டயரின் மேற்பகுதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தால்? சுழலும் ரப்பர் பட்டை சவுக்கைப் போல அடித்துக் குழாய்களை உடைக்கக்கூடும். இதற்காக 737 அறையின் வாயிலில் சிறிய பாகம் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. தொங்கும் ரப்பர் அதில் பட்டால் அது உடையும். அந்தக் காலை மேலே இழுக்கும் அழுத்தம் போய்விடும். சக்கரம் உள்ளே வராமல் திரும்பக் கீழே இறங்கிவிடும். வாசலில் நிற்கும் காவலாளி தன்னையே கொடுத்து வீட்டைக் காப்பது போல.

167 உயிர்கள் தந்த பாடம்

இந்தக் கட்டுப்பாடுகளில் சில, பெரும் விலை கொடுத்துக் கற்றவை. 1986ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, மெக்சிகோ சிட்டியிலிருந்து மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் புறப்பட்டது. ஒரு சக்கரத்தின் பிரேக் முழுவதுமாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்ததால் அந்தச் சக்கரம் கடுமையாகச் சூடேறியது. அதே சூட்டோடு அது அறைக்குள் சென்றது. சிறிது நேரத்தில் டயர் வெடித்தது. எரிபொருள் குழாய்களும் ஹைட்ராலிக் குழாய்களும் மின்கம்பிகளும் சிதைந்தன. தீப்பற்றிய விமானம் மலைப்பகுதியில் விழுந்து, அதிலிருந்த 167 பேரும் மாண்டனர்.

அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று நிரப்பப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. இதில் என்ன வேறுபாடு? காற்றில் சுமார் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. டயர் மிகவும் சூடாகும்போது அதன் உட்புற ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளிப்படும். அவை ஆக்சிஜனுடன் கலந்தால் உள்ளுக்குள்ளேயே தீப்பற்றி வெடிக்கலாம். நைட்ரஜன் எரிதலுக்குத் துணை போகாது. இதையடுத்து, பிரேக் உள்ள சக்கரங்களில் நைட்ரஜன் நிரப்புவதை அமெரிக்க விமானத்துறை அதிகாரிகள் கட்டாயமாக்கினர். பெரிய விமானங்களின் இத்தகைய டயர்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இன்றைய விதி.

சக்கரங்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அளவுக்கு மீறிச் சூடானால் உருகிவிடும் சிறு அடைப்பான்கள் அவற்றில் பொருத்தப்பட்டுள்ளன. அடைப்பான் உருகினால் வாயு மெல்ல வெளியேறும், டயர் வெடிக்காது. 737 சக்கர அறையில் தீ உணர்கருவி உண்டு, தீயணைப்பான் இல்லை. எச்சரிக்கை மணி ஒலித்தால், வேகத்தை வரம்புக்குள் கொண்டுவந்து சக்கரங்களை மீண்டும் வெளியே இறக்குவதுதான் வழி. வெளியே வீசும் குளிர்ந்த காற்றே சூட்டைத் தணிக்கும்.

எல்லாம் கைவிட்டாலும்

மறுபடியும் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஹைட்ராலிக் அழுத்தமே இல்லாவிட்டால் சக்கரங்கள் எப்படி இறங்கும்?

737 விமானத்தில் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள். ஒவ்வொன்றையும் இழுத்தால், வடம் வழியாக ஒரு காலின் கொக்கி விடுபடும். தன் எடையாலேயே கால் கீழே விழும். முன் சக்கரம் முன்னோக்கி மடங்கும்படி வடிவமைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அது இறங்கும்போது எதிர்க்காற்றே அதைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கிவிடும். பிறகு, சுருள்வில்கள் பூட்டை இழுத்து இறுக்கிவிடுகின்றன. மின்சாரமும் வேண்டாம், எண்ணெய் அழுத்தமும் வேண்டாம்.

ஏ380 விமானத்தில் கொக்கிகளை விடுவிக்கும் முறை வேறு. ஆனால் அடிப்படை அதேதான். அன்று அதன் 22 சக்கரங்களும் அப்படித்தான் இறங்கின. புறப்பட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் விமானம் சாங்கியில் தரைதொட்டது. நான்கு டயர்கள் வெடித்தன. பிரேக்குகளின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை எட்டியது. அருகிலேயே எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. தீயணைப்பாளர்கள் விரைந்து செயல்பட்டனர். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

சக்கர அறையின் நூற்றுக்கணக்கான பாகங்களும் ஒழுங்காக வேலை செய்யும்படி பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். ஆனால், அவை எல்லாமே ஒருநாள் செயலிழந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி வழியை, ஒருபோதும் பழுதாகாத ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். புவியீர்ப்பு விசைக்கு ஓய்வு நாளே கிடையாது!

நீங்களே பாருங்கள்

அடுத்த முறை விமான நிலையம் செல்லும்போது, மேலெழும்பும் விமானங்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். ஏர்ஏசியா அல்லது ஸ்கூட்டின் ஏ320 விமானத்தில் கதவுகள் மூடி, வயிறு வழவழப்பாகத் தெரியும். மலேசியா ஏர்லைன்ஸின் 737 விமானத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். அவை முதன்மைச் சக்கரங்களேதான்! தரைக்கு மிக அருகில் நிற்கும் 737இல் அவற்றை முழுமையாக மூடும் கதவுகள் இல்லை. அறையின் விளிம்பில் உள்ள பட்டைகளும் சக்கரத்தின் வெளிப்புற மூடியும் சேர்ந்து கதவின் வேலையைச் செய்கின்றன. கதவு இல்லாததால், கதவு திறக்காத கோளாறும் இல்லை.