திரை விலகும் நொடிக்கு எத்தனை பிளாஷ்?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று திருத்தணியைச் சுற்றிய ஊர்களில் கல்யாணம் எடுக்கிற போட்டோகிராபருக்கு, தஞ்சாவூர்க்காரருக்கும் மதுரைக்காரருக்கும் அவ்வளவாக வராத ஒரு பரீட்சை உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இந்த வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறியது. வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கும் அதோடு வந்த கல்யாணச் சடங்கும் பல குடும்பங்களில் மாறவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார, நடுவில் ஒரு திரையைப் பிடித்திருப்பார்கள். சரியாக முகூர்த்த வேளையில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். திரை விலகும். இருவரும் முகத்தோடு முகம் பார்ப்பார்கள். சில நொடிதான். பிறகு வெட்கம், சிரிப்பு, சொந்தக்காரர்களின் கூச்சல், அட்சதை. “இன்னொரு தடவை பார்த்துக்கோங்க” என்று சொல்லி அதை எடுக்க முடியாது.

அந்த நொடியைக் கேமராவின் தலையில் செருகிய ஒற்றை பிளாஷை வைத்து எடுத்த ஆல்பங்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. புரட்டிப் பாருங்கள். வெளிச்சம் லென்ஸ் இருக்கிற திசையிலிருந்தே போவதால் நிழல் முழுக்க முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத முகத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லை. பெண்ணின் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, பட்டுச் சேலையின் ஜரிகை மொத்தையாக ஒரு பளபளப்பு, பின்னால் நிற்கிற தாய்மாமன் பாதி இருட்டில். இதில் வேறொரு கோளாறும் சேர்ந்திருக்கிறது. பெண் வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக பிளாஷைக் கூட்டிக் கூட்டி அடித்த காலம் ஒன்று இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. மாநிறத் தோலின் அழகு அதில் விழுகிற வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறுகிற இடத்தில் இருக்கிறது. நேரே அடித்தால் முதலில் அதுதான் போகும்.

ஆகவே பல பிளாஷ் வைத்துப் படம் எடுக்கக் கற்பதில் முதல் பாடம் இரண்டாவது பிளாஷ் வாங்குவது இல்லை. இருக்கிற ஒன்றைக் கேமராவிலிருந்து கழற்றுவது. அந்த இடத்தில், பிளாஷைத் தூரத்திலிருந்தே மின்னவைக்கும் ட்ரிக்கர் ஒன்றைப் போடுங்கள். பிளாஷை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, வெள்ளைக் குடை ஒன்றைச் செருகி, முகத்துக்கு ஒரு பக்கமாக, கொஞ்சம் உயரத்தில் நிறுத்துங்கள். மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உதட்டைத் தொட்டால் ஸ்டாண்டு ரொம்ப உயரம். காதுப் பக்கமாக நீண்டால் ரொம்பப் பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, எதிர்க் கன்னத்தில் ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் விழுகிற இடம் கிடைக்கும். இந்த ஒரு விளக்கு கைக்கு வராமல் மூன்று பிளாஷ் வாங்கினால் மூன்று மடங்கு குழப்பம்தான் மிச்சம்.

தூரத்தின் கணக்கையும் இந்த ஒரு பிளாஷிலேயே படித்துவிட வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். நாலு மடங்கானால் பதினாறில் ஒன்று. இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கும் மணமகளுக்குச் சரியாக விழுகிற ஒளி, நாலு மீட்டரில் நிற்கும் தாய்மாமனுக்குக் கால் பங்குதான் போய்ச் சேரும். அவர் இருட்டில் நிற்பதற்குக் காரணம் இது. ஸ்டாண்டைத் தள்ளி வைத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். ஆனால் பிளாஷ் அதிக சக்தி செலவழிக்கும், குடையின் மென்மையும் போய்விடும். பிளாஷ் பெட்டியில் ‘60’ என்று ஒரு எண் பெருமையாக அச்சடித்திருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 100-இல், அபர்ச்சர் 8 என்றால் 60-ஐ 8-ஆல் வகுத்து, ஏழரை மீட்டர் வரை எட்டும் என்று அர்த்தம். அது பிளாஷின் தலையை 200 மி.மீ. வரை ஜூம் பண்ணி, ஒளியைக் குறுக்கி அளந்த எண். குடையைச் செருகியதும் அதில் பெரும்பங்கு கரைந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

இன்னொன்று, ஷட்டருக்கும் அபர்ச்சருக்கும் இருக்கிற வேலைப் பிரிவினை. பிளாஷ் மின்னி மறைவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதனால் ஷட்டர் வேகம் பிளாஷ் வெளிச்சத்தைத் தொடாது. மண்டபத்து சீரியல் பல்பும் ஜன்னல் வெளிச்சமும்தான் அதற்குக் கட்டுப்படும். அபர்ச்சர் இரண்டையும் கட்டுப்படுத்தும். பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். கீழே இறங்கி 1/60 வைத்தால் மண்டபமே பின்னணியில் உயிரோடு தெரியும். பல்பின் மஞ்சளும் பிளாஷின் வெள்ளையும் ஒட்டாமல் நின்றால், பிளாஷின் முகத்தில் ஒரு ஆரஞ்சு ஜெலட்டின் தாளை ஒட்டினால் முடிந்தது.

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராவுக்குத் தெரிவது இரண்டு பக்கவாட்டு முகம். முன்னாலிருந்து அடித்தால் காதும் கன்னமும்தான் வெளிச்சமாகும். மேடையின் பின் மூலைகள் இரண்டிலும் ஆளுக்கு மேலே, எட்டடி ஒன்பதடி உயரத்தில், ஒவ்வொரு பிளாஷை நிறுத்திப் பாருங்கள். இடது மூலை விளக்கு வலப்பக்கம் இருக்கும் மாப்பிள்ளையின் முகத்தில் நேராக விழும். அதே விளக்கு இடப்பக்கம் இருக்கும் பெண்ணின் கூந்தலுக்கும் மல்லிகைக்கும் பின்னாலிருந்து ஒரு கோடு இழுக்கும். வலது மூலை விளக்கு இதையே திருப்பிச் செய்யும். ஒரு விளக்குக்கு இரண்டு வேலை. மூன்றாவதாக முன்பக்கம் குடையோடு ஒன்று, மற்ற இரண்டையும்விட இரண்டு ஸ்டாப் குறைவாக, அதாவது கால் பங்கு வெளிச்சத்தில், நிழலின் கறுப்பைத் தணிக்க மட்டும். அதை ஏற்றிவிட்டால் பின்னால் இருக்கிற இரண்டும் வீண்.

இந்த அமைப்பின் பலன் அடுத்த சடங்கில்தான் முழுசாகத் தெரியும். மஞ்சள் கலந்த அரிசியை மணமக்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒருவர் தலையில் ஒருவர் கொட்டுவார்கள். தலம்ப்ராலு. பின்னாலிருந்து ஒளி பட்ட ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக மின்னும். அரிசி அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் பிளாஷின் சக்தியைக் குறைக்க வேண்டும். முழுச் சக்தியில் சின்ன பிளாஷ் ஏறக்குறைய 1/300 நொடி எரியும். விழுகிற அரிசி அதற்குள் கோடாகிவிடும். சக்தியை 1/32 பங்குக்கு இறக்கினால் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அணைந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்டன் 1931-இலிருந்து செய்துகாட்டிய வித்தை இது. பாயும் தோட்டாவையும் தெறிக்கும் பால் துளியையும் நிறுத்திவைத்த அதே தத்துவம்தான் நம் மேடையில் அரிசியை நிறுத்துகிறது. ஒரு பிளாஷைக் கதறவிடுவதைக் காட்டிலும் இரண்டைக் குறைந்த சக்தியில் ஓட்டுவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அடுத்த படத்துக்கு உடனே தயாராகிவிடும். தாலி கட்டும்போது பிளாஷ் சார்ஜ் ஆகக் காத்திருக்கிற போட்டோகிராபரின் முகத்தை யாராவது படம் எடுத்து வைக்கலாம்.

ஹோமப் புகையையும் இதே மூலை விளக்குகள் கவனித்துக்கொள்ளும். முன்னாலிருந்து அடித்தால் புகை சாம்பல் திரையாக முகத்தை மறைக்கும். பின்னாலிருந்து அடித்தால் சுருள் சுருளாகத் தெரியும். லென்ஸுக்குள் நேராக ஒளி பாய்ந்தால் கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி பிளாஷின் தலையில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டினால் போதும்.

ட்ரிக்கரில் ஏ, பி, சி என்று குரூப் பிரித்து ஒவ்வொரு விளக்கின் சக்தியையும் கையிலிருந்தபடியே மாற்றலாம். ட்ரிக்கரும் பிளாஷும் பேசிக்கொள்கிற சேனல் விஷயத்தில்தான் நம் ஊர்க் கல்யாணம் பாடம் கற்பிக்கும். பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் கூட்டிவந்து, இருவரும் ஒரே கம்பெனி பிளாஷை, பெட்டியிலிருந்து எடுத்த அதே சேனலில் வைத்திருந்தால், மற்றவர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் உங்கள் பிளாஷ் வெடிக்கும். உங்கள் பேட்டரி, அவர் படம். நாதஸ்வரம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய் சேனலை மாற்றிக்கொள்வது மரியாதையும் கூட.

வயரும் ஒருமுறை மட்டும் எரிகிற பல்பும் இருந்த காலத்தில், பல பிளாஷ் வைத்து எடுப்பதை ஒருவர் எந்த அளவுக்குக் கொண்டுபோனார் என்று தெரிந்தால் நம் கஷ்டம் சின்னதாகிவிடும். அமெரிக்காவின் ஓ. வின்ஸ்டன் லிங்க், நீராவி ரயில்கள் மறைவதற்குள் அவற்றை இரவில் படமெடுக்கக் கிளம்பியவர். 1956-இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு திறந்தவெளி சினிமா அரங்கின் ஓரமாக ரயில் பாய்ந்து போகும் படத்துக்கு 43 பிளாஷ் பல்புகளை வயரால் இணைத்து வைத்தார். ரயில் வருகிற நொடி ஒன்று, வாய்ப்பும் ஒன்று. அத்தனை வெளிச்சத்தில் சினிமாத் திரையில் ஓடிய காட்சி வெளுத்துப்போனது. திரையில் தெரியும் விமானத்தைப் பிறகு வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்தார். பகலில் படமெடுத்தால் சூரியன் அவர் நினைத்த இடத்தில் இருக்காது என்பது லிங்க்கின் மனக்குறை. தனக்கான சூரியனை அவரே உருவாக்கிக்கொண்டார்.

பழகுவதற்குக் கல்யாணம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெசவு ஊர்க்காரருக்கு வீட்டிலேயே பாடப்புத்தகம் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய துணி ஒரு முழம் போதும், சுவரில் மாட்டுங்கள். நேரே ஒரு பிளாஷ் அடித்தால் வெறும் நிறம் தெரியும். பக்கவாட்டில், துணியை உரசுகிற மாதிரி வைத்தால் பாவும் ஊடையும் இழை இழையாக எழுந்து நிற்கும். அதையே முகத்துக்குச் செய்தால் பருவும் சுருக்கமும் எழுந்து நிற்கும் என்பதையும் கூடவே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது பிளாஷைப் போடும்போது முதலாவதை அணைத்துவிட்டு, அது மட்டும் என்ன செய்கிறது என்று தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இப்படித் தனியே பார்த்த பிறகு சேர்த்து எரியுங்கள். அணைத்தாலும் படத்தில் மாற்றம் தெரியாத விளக்கை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

கல்யாண வீட்டாருக்கும் மேடை அலங்காரம் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையின் பின் மூலைகள் இரண்டிலும் இரண்டடி இடம் விடுங்கள். அங்கே நிற்கிற ஸ்டாண்டை மண்டபத் தூணோடு கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மேடையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒன்பதடி உயரத்தில் இருக்கும் பிளாஷ் கீழே விழக்கூடாது.