கரையில் நடப்பவர் யார், கரையிலிருந்து அகற்றப்படுபவர் யார்? பக்கிங்காம் கால்வாயும் பொதுநீர் உரிமையும்

ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டி ஓடும் அடையாறு, சைதாப்பேட்டையைக் கடந்து கோட்டூர்புரத்தை நெருங்கும்போது பக்கிங்காம் கால்வாயோடு சேர்கிறது. இந்த ஆற்றின் கரைகளையும் அந்தக் கால்வாயின் கரைகளையும் நடைபாதைகளாகவும் மிதிவண்டித் தடங்களாகவும் மாற்ற வேண்டும், முடிந்தால் மீண்டும் படகு விட வேண்டும் என்ற பேச்சு சென்னையில் ஆட்சிகள் மாறியபோதும் மாறாமல் தொடர்கிறது. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடர், பக்கிங்காம் கால்வாய் உட்பட, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாகவே அறிவிக்கப்பட்டது.

இந்தக் கனவை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நகரத்து மக்கள் தம் நீர்நிலையின் ஓரத்தில் மாலையில் நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் படகில் செல்வதும் நல்லவையே. ஆனால் நடை, மிதிவண்டி, படகு ஆகிய மூன்றுக்கும் இந்நாட்டில் சாதி வரலாறு உண்டு. அந்த வரலாற்றை மறந்துவிட்டு வரையப்படும் எந்த வரைபடமும் சிலரை நடக்க வைப்பதற்காக வேறு சிலரை அகற்றும் வரைபடமாகவே முடியும். ஆகவே இதில் சட்டம் என்ன சொல்கிறது, எங்கே மௌனம் காக்கிறது என்பதைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

பசியில் வெட்டப்பட்ட கால்வாய்

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பட்ட பகுதியே இக்கால்வாயின் தொடக்கம். பாசில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் உருவானதால் முதலில் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, சுமார் 420 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழியாக வளர்ந்தது.

இன்று சென்னையின் நடுவே செல்லும் பகுதி, அதாவது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நினைவில் நின்ற பஞ்சம் அது. நிவாரணப் பணிகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். சேமித்து வைக்கக் குதிரும் இல்லாத, விற்றுப் பிழைக்க நிலமும் இல்லாத மக்கள். சாதியடுக்கின் அடித்தட்டில் நிறுத்தப்பட்டவர்களையே அப்பஞ்சம் முதலில் தின்றது. பஞ்ச ஆணையராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் உழைப்பவருக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். இந்த அளவு உணவைக் கொண்டு ஒரு மனிதர் உழைக்க முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பிறகே அது ஓரளவு உயர்த்தப்பட்டது. கால்வாய்க்கோ அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

படகை இழுத்தவரின் பாதை

விறகு, உப்பு, நெல், கிளிஞ்சல் என நகரம் உயிர்வாழத் தேவையான பொருள்கள் இக்கால்வாயின் தோணிகளில் வந்தன. காற்று இல்லாதபோது தோணியைக் கோலூன்றித் தள்ளினர். அல்லது கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தனர். இன்று 'நடைபாதை' என்று திட்ட அறிக்கைகள் குறிப்பிடும் கரை, முதலில் தோளில் கயிறு சுமந்தவரின் பணியிடம். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இக்கால்வாயில் நண்பர்களோடு சென்ற இரவுப் பயணத்தைப் பாடும் கவிதை. அந்த இன்பத்தின் நடுவிலும் தோணியைச் செலுத்திய தொழிலாளர்களின் உழைப்பு அதன் கண்ணுக்குப் படுகிறது. நீர்நிலையை அனுபவிப்பது பற்றிப் பேசும் எவருக்கும் அந்தப் பார்வை தேவை.

1960களின் நடுவில் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சாலையும் இரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. பிறகு நகரம் தன் கழிவுநீரை இதில் திருப்பியது. அந்த நாற்றத்தின் ஓரத்தில், வேறெங்கும் இடம் தரப்படாத மக்கள் குடியேறினர். வீட்டு வேலை, கட்டுமானம், துப்புரவு, மீன் விற்பனை என மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் தியாகராய நகருக்கும் உழைப்பை வழங்கியவர்கள் இவர்களே. கால்வாய் நாறியவரை கரை அவர்களுக்கு விடப்பட்டது. கரை அழகாகப்போகிறது என்றவுடன் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆயினர்.

எது ஆக்கிரமிப்பு?

நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆறு, ஏரி, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களின் சார்பில் அறங்காவலராகவே வைத்திருக்கிறது, தன் விருப்பப்படி தனியாருக்கு வழங்க முடியாது என்ற பொது அறக்கட்டளைக் கோட்பாட்டை, எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம் ஏற்றது. கோட்பாடு சரியானதே. யார் மீது அது பாய்கிறது என்பதே கேள்வி.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், திருமயிலை வரை 1997இலும், பின்னர் வேளச்சேரி வரையிலும் திறக்கப்பட்ட பறக்கும் இரயில் திட்டம், கால்வாயின் மேலேயே கட்டப்பட்டது. அதன் தூண்கள் கால்வாய்ப் படுகையில் நிற்கின்றன. சில இடங்களில் நிலையங்களே நீரின் மேல் அமர்ந்துள்ளன. இது பொதுத் தேவைக்கான போக்குவரத்து என்பது உண்மை. ஆனால் நீரோட்டத்தை மறிப்பதே ஆக்கிரமிப்பின் அளவுகோல் என்றால், தகரக் கூரையை விடக் கான்கிரீட் தூண் நீரை அதிகம் மறிக்கிறது. அரசின் தூணுக்குப் 'பொது நலன்' என்ற பெயரும் ஏழையின் கூரைக்கு 'ஆக்கிரமிப்பு' என்ற பெயரும் கிடைப்பது நீரியலால் அன்று, அதிகாரத்தால்.

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டு, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் மூழ்கின. வெள்ளத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது வெள்ள அபாயம். ஆனால் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. கண்ணகி நகரோ அச்சதுப்பு நிலத்தின் உபரி நீரைப் பக்கிங்காம் கால்வாய்க்குக் கொண்டு சேர்க்கும் ஒக்கியம் மடுவுக்கு அருகில் உள்ளது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மற்றொரு வெள்ளப் பகுதிக்கு அவர்கள் மாற்றப்பட்டனர். அதே கால்வாய், வேறொரு முனை.

2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய வீடுகள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே மறுகுடியமர்த்த முடியும் என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொள்கிறது. முடிகிறது என்றால், ஓர் உயிர் போகும்வரை அதை ஏன் செய்யவில்லை?

சட்டத்தில் நடையும் மிதிவண்டியும்

பொது நீரும் பொது வழியும் எல்லோருக்கும் உரியவை என்பது நமக்கு இரவலாக வந்த கருத்தன்று. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என அறிவிக்கச் செய்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடின் சவதார் குளத்தில் நீர் அருந்தினார். அது தாகத்துக்காக மட்டும் நடந்த போராட்டம் அன்று. சக மனிதர் என்ற நிலையை நிறுவுவதற்காக நடந்தது. அக்குளம் பொதுவானது என்பதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

அந்தப் போராட்டத்தின் சாரம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்கென விடப்பட்ட கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது அது. அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்துவது இப்பிரிவின் சிறப்பு. புதுப்பிக்கப்படும் கால்வாய்க்கரை ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் பராமரிப்புக்கு விடப்பட்டாலும் இவ்வுரிமை அங்கே செல்லும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பிரிவு 3(1)(za) பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆறு, ஓடை, குளம், படித்துறை, பொது ஊர்தி, சாலை, வழி ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. மிதிவண்டி அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் பொது இடத்தில் காலணி அணிவதையும் தடுப்பதும் அதே பிரிவில் குற்றம். செருப்பணிந்து நடப்பதும் மிதிவண்டியில் ஏறிச் செல்வதும் தண்டனைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கும் நாடு இது. ஆகவே நீர்க்கரையில் நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் நமக்கு வெறும் பொழுதுபோக்குப் பொருள்கள் அல்ல.

அதே சட்டத்தின் வரம்பையும் அறிந்துகொள்ள வேண்டும். பட்டியல் சாதியினரை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேறச் செய்வதைப் பிரிவு 3(1)(z) குற்றமாக்குகிறது. ஆனால் பொதுக் கடமையை நிறைவேற்றுவதற்காக எடுக்கப்படும் நடவடிக்கைக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்துள்ளது. சாதி இந்து செய்தால் வன்கொடுமை. பொக்லைன் இயந்திரத்தோடு அலுவலர் வந்தால் பொதுக் கடமை. இந்த இடைவெளியில்தான் நகரத்து வெளியேற்றங்கள் நடக்கின்றன.

அவ்விடத்தில் நமக்குக் கைகொடுப்பவை வேறு சட்டங்கள். வாழ்வாதாரம் என்பது 21ஆம் பிரிவின் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவிப்பும் விளக்கம் அளிக்க வாய்ப்பும் இல்லாமல் அகற்றுவது நியாயமான நடைமுறை ஆகாது. ஆயினும் அதே தீர்ப்பு நடைபாதையில் வாழ்வோரை அகற்றவும் இறுதியில் அனுமதித்தது என்பதை மறக்கலாகாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டத்தின் பெயரிலேயே 'மேம்பாடு' முதலில் வருகிறது, 'அகற்றல்' பின்னால் வருகிறது. கரையோர வணிகர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பையும் சான்றிதழையும் உறுதி செய்கிறது.

பிற நகரங்கள் தரும் பாடம்

மூடப்பட்ட ஓடையை மீட்டு 2005இல் சியோல் நகரம் திறந்த சோங்கேசோன் உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அங்கிருந்த நடைபாதை வணிகர்கள் ஒரு பழைய விளையாட்டு அரங்குக்கு மாற்றப்பட்டனர். சில ஆண்டுகளில் அந்த அரங்கும் இடிக்கப்பட்டு அவர்கள் இரண்டாம் முறையாக அகற்றப்பட்டனர். அகமதாபாத்தின் சபர்மதி நதிக்கரைத் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. குஜராத் உயர் நீதிமன்றத்தில் மக்கள் தொடுத்த வழக்கே அவர்களில் பலருக்கு மாற்று வீட்டைப் பெற்றுத் தந்தது. மீட்கப்பட்ட கரை யாருக்கு என்ற கேள்வி, கல் பாவுவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும் என்பதையே இரண்டும் உணர்த்துகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

ஒரு கால்வாய்க்கரைத் திட்டம் அறிவிக்கப்பட்டவுடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு ஆவணங்களைக் கேட்கலாம்: விரிவான திட்ட அறிக்கை, கரையின் எல்லையைக் காட்டும் நில அளவை வரைபடம், குடும்பக் கணக்கெடுப்புப் பட்டியல், மறுகுடியமர்வுத் திட்டம். எல்லை அளக்கப்படும்போது குடிசைகளோடு நிறுவனங்களின் மதில்களும் அரசுக் கட்டடங்களும் அளக்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாணவர்கள் கரையோரம் நடந்து இவற்றைப் படமெடுத்துத் தேதியிட்டுப் பதிவு செய்தால், அது வழக்கில் பயன்படும் சான்றாகும்.

தூய்மைப் பணியை யார் செய்கிறார்கள் என்பதும் நம் கேள்வியே. கழிவுநீர் கலக்கும் கால்வாயில் பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரை இறக்கித் தூர்வாரிவிட்டு அதன்மேல் படகு விடுவது மீட்பு ஆகாது. சாக்கடைக் குழாய்களையும் கழிவுத் தொட்டிகளையும் ஆபத்தான முறையில் தூய்மை செய்ய எவரையும் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு நேரும் மரணத்துக்கான இழப்பீட்டை 30 இலட்சமாக 2023இல் உயர்த்தியது உச்ச நீதிமன்றம்.

இறுதியாக, நுழைவு. கட்டணமும் வாயிலும் காவலும் வைத்தால், சாதிப் பெயர் எழுதப்படாமலேயே விலக்கல் நடக்கும். கரைக்கு எத்தனை இடங்களில் வழி விடப்படுகிறது, அவ்வழிகள் எந்தக் குடியிருப்புகளிலிருந்து தொடங்குகின்றன, கரையோரச் சிறுவர்கள் அங்கே விளையாட முடியுமா என்பவை வடிவமைப்பு விவரங்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை 15(2) பிரிவு சார்ந்த கேள்விகள்.

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஆற்றின் ஓரமாகவே கோட்டூர்புரம் வரை நடந்து, அங்கிருந்து கால்வாய் வழியாக மயிலாப்பூர் செல்லும் நாள் வரட்டும். அந்தப் பாதை பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ வளரும் ஒரு சிறுமியின் மிதிவண்டிக்கும் உரியதாக இருக்க வேண்டும். அவளுடைய வீடு அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருந்திருக்கலாம் என்பதையும் நாம் மறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்போம்.