வானிலைத் தரவு தாமதமாக வருவது ஏன்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு வானிலைத் தரவு, யூனிடேட்டா என்ற அமைப்பு உருவாக்கிய எல்டிஎம் என்ற மென்பொருள் வழியே இணையத்தில் வந்து சேர்கிறது. தரவு உருவான நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியே தாமதம். இயல்பு அமைப்பில், ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கும் தரவு கிடைக்காமலே போய்விடும்.

எல்டிஎம் ஒரு மெய்நிகர் கணினியில் இயங்கினால், தாமதத்தின் காரணத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். அது முந்தி ஓடினால், சரியாக வரும் தரவும் தாமதமாக வந்ததுபோலத் தெரியும். கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறை மூலம் நேரத்தைச் சரிசெய்தால் இந்தப் பொய்த் தாமதம் மறையும்.

அடுத்த கேள்வி: எல்லாத் தரவும் தாமதமா, ஒன்று மட்டுமா? முன்கணிப்பு மாதிரிகளின் தரவைச் சுமந்துவரும் கான்டூயிட் என்ற தரவோடை மட்டும் பின்தங்கினால், ஒற்றை டிசிபி இணைப்பின் வரம்பே காரணமாக இருக்கலாம். பாக்கெட்டுகள் தொலையும்போதெல்லாம் டிசிபி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தரவின் வரிசை எண்ணில் உள்ள கடைசி இலக்கத்தை வைத்து, கோரிக்கையை ஐந்தாகவோ பத்தாகவோ பிரித்துக் கேட்கலாம். தாமதம் குறைந்தால் சிக்கல் ஒவ்வோர் இணைப்பின் வேகத்தில். குறையாவிட்டால் மொத்த இணையத் திறனிலோ கணினியிலோ.

எல்லாமே தாமதமானால் கணினியைச் சோதிக்க வேண்டும். 'டாப்' கட்டளை காட்டும் 'எஸ்டி' எண் உயர்ந்திருந்தால், அதே வன்பொருளில் இயங்கும் பிற மெய்நிகர் கணினிகள் செயலி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்று பொருள். வந்த தரவை எல்டிஎம் வைத்திருக்கும் வரிசைக் கோப்பு ரேமுக்குள் அடங்காவிட்டால், பலரும் பகிரும் வட்டு தடையாகிவிடும். போதிய ரேமை ஒதுக்கி உறுதிசெய்வது அதற்கு ஒரு தீர்வு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால்தான் உண்மைக் காரணம் புலப்படும்.